ஊர் ஏரியில் அரிய நீர்ப்பறவைகள்: குடும்பத்தோடு பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. வண்டியை விட்டு இறங்கியதுமே "புதுசா ஏதாவது வந்திருக்கா?" என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துவிடும். பார்த்ததெல்லாம் "கொக்கு, வாத்து" என்ற இரண்டே பெயருக்குள் அடங்கிவிடும்.

வழக்கமாக அங்கே இருக்கிற பறவைகளை முதலில் எண்ணி முடியுங்கள். அந்தக் கணக்கில் சேராத ஒன்று தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முந்நூறு நாமக்கோழிகளை வரிசையாக எண்ணி வருகிறவர் கண்ணில்தான் நடுவே மிதக்கிற ஒற்றை நீலச்சிறகி வாத்து படும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒன்றை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஏரி, குளம், கண்மாய்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. ஏரியைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலிருந்து கால் மணி, இருபது நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு நீர்நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரம் குறைவாக இருந்தால்தான் மாதத்துக்கு இரண்டு தடவையாவது போவீர்கள். வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற பறவைச் சரணாலயத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை போய்வருகிறவரைவிட, ஊர்க் குளத்துக்குப் பத்து முறை போனவருக்குத்தான் எது புதுசு என்று தெரியும்.

ஏரியில் பல வகை இடங்கள் கலந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழம், இன்னொரு பக்கம் கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும், எங்கேயாவது கோரையோ சம்போ, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் வரும். சுற்றிலும் கல் பதித்துக் கரையைச் செங்குத்தாக எழுப்பிய குளத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் இருக்கும். சேற்றில் மேய்கிற உள்ளான்களுக்கு அங்கே கால் வைக்க இடமில்லை.

ஆகாயத்தாமரை மூடிய குளத்தைப் பார்த்ததும் ஒதுக்கிவிட வேண்டாம். வாத்துகள் அதிகம் இறங்காது. ஆனால் இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் அந்த இலைகள்மேல்தான் நடக்கும்.

மடை திறக்கிற நீர்க்கட்டி, மீன் குத்தகை எடுத்தவர் ஆகிய இருவரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். "அண்ணே, பிள்ளைங்களுக்குப் பறவை காட்டணும், எந்தப் பக்கம் நின்னா நல்லாயிருக்கும்?" என்று கேட்டாலே போதும். எங்கே பள்ளம், எங்கே சேறு, எந்த மூலையில் பறவை அடைகிறது என்று வருடம் முழுக்கப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். வலை இழுக்கும் நாளையும், மீனைக் காக்கப் பறவைகளை வெடி போட்டு விரட்டும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும்.

2. எந்த மாதம், எவ்வளவு தண்ணீர்

நவம்பர் முதல் மார்ச் வரைதான் முக்கியமான காலம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் அதே சமயத்தில்தான் வடக்கேயிருந்து வலசைப் பறவைகளும் வந்து சேர்கின்றன. ஆனால் மாதத்தைவிட நீர்மட்டத்தைப் பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஏரி தளும்பி நிற்கும்போது முங்கி மீன் பிடிக்கும் பறவைகளும் மிதக்கும் பறவைகளும் இருக்கும். நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், நாமக்கோழி எல்லாம் அந்த வகை. கால் நனைத்து மேய்கிற பறவைகளுக்கு அப்போது இடம் கிடையாது. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து, மட்டம் இறங்கி, ஓரத்தில் பத்து அடி அகலத்துக்குச் சேறு தெரிய ஆரம்பித்ததும் காட்சி மாறும். நெடுங்கால் உள்ளான், பொரி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, கருவால் மூக்கன் எல்லாம் அந்தச் சேற்று விளிம்புக்கு வரும். பல ஊர்களில் இது தை, மாசி மாதங்களில் நடக்கும்.

தண்ணீர் இன்னும் வற்றி, மீன்கள் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும் ஒரு வாரம், பத்து நாள் வரும். கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன் எல்லாம் அப்போது ஒரே இடத்தில் குவியும். அந்த நாட்கள் சட்டென்று முடிந்துவிடும். நீர்க்கட்டியிடம் தொடர்பு வைத்திருந்தால் தவறவிட மாட்டீர்கள்.

3. முந்தின நாளே முடிக்க வேண்டியவை

ஒரு பைனாகுலர் போதும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. வாங்கும்போது 8×42 அல்லது 8×40 என்று பாருங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அது பெரிதாக இருந்தால் அதிகாலை மங்கலிலும் நிறம் தெரியும். சட்டைப்பையில் அடங்கும் 10×25 வகை வெயிலில் பரவாயில்லை, விடியற்காலையில் இருட்டாகத் தெரியும். "50 மடங்கு, 100 மடங்கு" என்று விற்கும் மலிவுப் பைனாகுலர் வேண்டாம். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பறவை சட்டத்துக்குள்ளேயே நிற்காது.

பிள்ளைகளுக்கு அதை ஏரிக்கரையில் சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள். பறவை பறக்கிற அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாது, அழுகைதான் வரும். முந்தின நாள் மாலை மொட்டை மாடியில் நின்று, எதிர்வீட்டுத் தென்னங்குலையை வைத்துப் பழக்குங்கள். வரிசை இப்படி:

முதலில் இரண்டு குழலையும் மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை நெருக்குங்கள். பிள்ளைகளின் கண்களுக்கு இடையே தூரம் குறைவு, அதனால் நன்றாக மடக்க வேண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

அடுத்து வலது குழலை மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைச் சுழற்றித் தென்னங்குலையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது குழலை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வைக்கும் இடத்தில் உள்ள வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். ஒவ்வொருவருக்கும் இந்த வளையம் வேறு இடத்தில் நிற்கும். குடும்பத்தில் மாற்றி மாற்றிப் பார்ப்பதானால் அவரவர் இடத்தில் ஒரு சின்ன நிற டேப் ஒட்டிவிடுங்கள். "எனக்கு மங்கலாத்தான் தெரியுது" என்று பாட்டி சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த வளையம்தான்.

கடைசியாக, குலையைப் பார்த்துக்கொண்டே, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை எங்கே என்று தெரியாது. சூரியன் இருக்கும் திசையில் மட்டும் திருப்பவே கூடாது என்பதையும் அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரு கணம் பார்த்தாலும் கண் நிரந்தரமாகப் பழுதாகலாம்.

பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின், பார்த்ததைப் பதிவு செய்யும் இபேர்ட் என்ற இரண்டு இலவசச் செயலிகளையும் வீட்டு இணைப்பிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். மெர்லினில் இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பையும் சேர்த்து இறக்க வேண்டும். கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். அட்டை போட்ட சின்ன நோட்டு, பென்சில், தொப்பி, குடிநீர், காலை உணவு எடுத்துக்கொள்ளுங்கள். உடை மண் நிறம், பச்சை, சாம்பல் என்று இருக்கட்டும். வெள்ளைச் சட்டை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். காலுக்கு மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும்.

4. வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும்

காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்கே நின்று கிழக்கே. மாற்றி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நிறமே தெரியாத பறவைக்குப் பெயர் சொல்வது அனுபவசாலிக்கே கடினம்.

நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிற ஊர்களில் இது தானாகவே அமைந்துவிடும். அங்கே ஏரியின் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும், நீர்ப்பரப்பு மேற்கே விரியும். காலையில் கரையில் நின்றாலே வெயில் முதுகில் விழும். உங்கள் ஏரி எப்படி இருக்கிறது என்று கைபேசி வரைபடத்தில் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

ஜனவரியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஆறரை ஆகும். ஆறே காலுக்கு அங்கே இருந்தால், அடைந்திருந்த கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் வரிசை வரிசையாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்மேல் கானல் ஆடத் தொடங்கும், தூரத்துப் பறவையின் உருவம் நெளியும். அதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். மாலை என்றால் நாலரையிலிருந்து இருட்டும்வரை.

5. கரையை நெருங்குவது

வண்டியைக் கரைக்கு நூறு மீட்டருக்கு முன்பே நிறுத்துங்கள். கதவைப் படார் என்று சாத்த வேண்டாம். முதல் இரண்டு நிமிடம்தான் விலைமதிப்பற்றது. பக்கத்துச் சேற்றில் மேய்கிற கூச்சப் பறவைகள் உங்களைப் பார்த்ததும் எழும்பிவிடும், திரும்பி வர அரை மணி ஆகும்.

கரையின் உச்சியில் வரிசையாக ஏறி நிற்காதீர்கள். கீழேயிருந்து பார்க்கும் பறவைக்கு, வானத்தை ஒட்டிய ஐந்து மனித உருவம் என்பது ஆபத்து. உச்சிக்கு இரண்டு மூன்று அடி கீழே உட்காருங்கள், அல்லது பனைமரத்தை ஒட்டி நில்லுங்கள். உட்கார்ந்த மனிதரைப் பறவைகள் சீக்கிரம் பொறுத்துக்கொள்ளும். கையை நீட்டிச் சுட்டிக்காட்டுவதையும் தவிர்க்க வேண்டும். அந்த அசைவு போதும், முழுக் கூட்டமும் எழும்ப.

மேய்கிற பறவை சட்டென்று தலையைத் தூக்கி அப்படியே உறைந்து நின்றால், நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். மறுபடி குனிந்து மேயத் தொடங்கினால் பரவாயில்லை. கழுத்தை ஆட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் பின்வாங்குங்கள்.

6. பைனாகுலரைத் தொடாமல் ஐந்து நிமிடம்

எல்லோரும் வெறுங்கண்ணால் ஏரி முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பைனாகுலர் வழியே ஏரியின் ஒரு சின்னத் துண்டுதான் தெரியும். உடனே அதை எடுத்தவர் முதலில் கண்ட கொக்கிலேயே நின்றுவிடுவார், பக்கத்துக் கோரையில் நடப்பது தெரியாமலே போகும்.

இந்த ஐந்து நிமிடத்தில் அடையாள இடங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்: "ஒத்தப் பனை", "மொட்டை மரம்", "மதகு", "கோரைத் திட்டு", "வெள்ளைப் பாறை". குழந்தைகளே பெயர் வைக்கட்டும். பிறகு "அதோ அங்க! அங்க பாருப்பா!" என்று கத்த வேண்டியதில்லை. "ஒத்தப் பனைக்கு நேர் கீழே, தண்ணி விளிம்பிலிருந்து இடப்பக்கம் ரெண்டாவது" என்றால் எல்லோர் கண்ணும் ஒரே பறவைமேல் விழும். குடும்பமாகப் போகிறவர்கள் அதிகம் சண்டை போட்டுக்கொள்வது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

7. ஏரியைப் பிரித்து, வரிசையாக எண்ணுவது

பக்கத்துச் சேற்றில் தொடங்குங்கள். பிறகு கோரை, இலைப்பரப்பு, திறந்த தண்ணீர், மரங்கள், கடைசியாக வானம். பக்கத்தில் இருப்பவைதான் முதலில் எழும்பும் என்பதால் இந்த வரிசை. நீர்ப்பரப்பை இடமிருந்து வலமாக மட்டுமே பாருங்கள். மேலும் கீழுமாக அலைந்தால் ஒரே கூட்டத்தை இரண்டு முறை எண்ணுவீர்கள்.

சேற்று விளிம்பில் நீண்ட செந்நிறக் காலுடன் நிற்பது நெடுங்கால் உள்ளான். வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடக்கும் சின்னது, அடைமொழி இல்லாமல் வெறும் உள்ளான் என்றே பெயர் பெற்றது. உடல் பழுப்பில் வெள்ளைப் பொரி சிதறியது பொரி உள்ளான். இவற்றை முதலில் முடியுங்கள்.

கோரையில் வேறு முறை. அங்கே தேடினால் கிடைக்காது, காத்திருந்தால் கிடைக்கும். ஒரு கோரைத் திட்டை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். முதலில் சிவந்த அலகும் நீலமும் ஊதாவுமான உடலுமாக நீலத் தாழைக்கோழி வெளியே வரும். ஒரு காலால் தண்டைப் பிடித்துக்கொண்டு, வாயால் உரித்து உள்ளேயுள்ள மென்மையான பகுதியைத் தின்னும். அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் "காய்ந்த கோரை" ஒன்று மெதுவாக நகரும். அதுதான் குருகு. ஆபத்து என்று தோன்றினால் அலகை வானம் பார்க்க நிமிர்த்தி, உடலை ஒல்லியாக்கி, கோரைத் தண்டுபோலவே நின்றுவிடும். கழுத்தில் உள்ள கோடுகள் தண்டுகளோடு தண்டாகக் கலந்துவிடும். ஒரு குழந்தை இதைத் தன் கண்ணால் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த முறை அதுதான் உங்களை எழுப்பிக் கூட்டிப்போகும்.

திறந்த தண்ணீரில் எண்ணிக்கை பெருகும். நூற்றுக்கணக்கில் இருந்தால் முதலில் பத்துப் பறவையைத் துல்லியமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதே அளவு இடங்களாகக் கூட்டத்தைத் தாவித் தாவிக் கடந்தால் 10, 20, 30 என்று எண்ணிவிடலாம். முக்குளிப்பானும் நீர்க்காகமும் முங்கி முங்கி எழுவதால் ஒரே முறையில் கணக்கு வராது. மூன்று முறை எண்ணி, அதிகமாக வந்த எண்ணை எழுதுங்கள்.

எண்ணும்போது கூட்டத்தோடு சேராத எதையும் அங்கேயே நின்று பார்க்க வேண்டாம். "கோரைத் திட்டுக்கு முன்னால், பழுப்பு வாத்து, ஒன்று" என்று குறித்துவிட்டு எண்ணி முடியுங்கள். பிறகு அந்தக் குறிப்புகளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்புங்கள். எண்ணிக்கையைப் பாதியில் விட்டால் மிச்சப் பகுதியில் இருப்பது தெரியாமலே போய்விடும்.

நடுவில் ஏரி முழுக்க ஒரே சமயத்தில் எழும்பினால் தண்ணீரைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இறக்கைகளை ஆங்கில ‘வி’ வடிவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாக மிதந்து வரும். கோரையில் ஒளிந்திருந்தவையும் அப்போது வெளியே வரும்.

8. ஆளுக்கொரு வேலை

சும்மா பார்க்கச் சொன்னால் ஆறு வயதுக் குழந்தை இருபது நிமிடம் தாங்கும். வேலை கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். எழுதத் தெரிந்த பிள்ளை நோட்டை வைத்துக்கொள்ளட்டும். சின்னது ஒரு பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு அதை எண்ணட்டும். பெரிதாக இருப்பதும் ஒரே இடத்தில் நிற்பதுமான சாம்பல் நாரையைக் கொடுத்தால் எளிது. பாட்டியோ தாத்தாவோ வானத்துக்குப் பொறுப்பு. பைனாகுலர் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முறை வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டை எண்ணி முடித்த பிறகு, கரையை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் காகங்கள் கூடிவிடும். பக்கத்தில் கூடு இருந்தால் முட்டைக்கும் குஞ்சுக்கும் அந்தக் காகங்களே எமன்.

9. தெரியாத பறவை நின்றால் என்ன வரிசையில் பார்ப்பது

பெயரைத் தேடிப் புத்தகத்தையோ கைபேசியையோ உடனே திறப்பதுதான் மிகப் பெரிய தவறு. நிமிர்ந்து பார்ப்பதற்குள் பறவை போயிருக்கும். அது இருக்கும்வரை பறவையை மட்டும் பாருங்கள். பார்க்கிறவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும்.

முதலில் அளவு: மைனாவா, காகமா, கோழியா, அதற்கும் மேலா? பக்கத்தில் தெரிந்த பறவை நின்றால் அதனோடு ஒப்பிடுங்கள், அதுவே நம்பகமானது. இரண்டாவது அலகு: நீளம், வளைவு, நிறம். நீர்ப்பறவைகளில் பாதிக்கு அலகே பெயரைச் சொல்லிவிடும். மூன்றாவது காலின் நிறம். நான்காவது தலையில், கண்ணருகில் ஏதாவது கோடு, திட்டு உண்டா? ஐந்தாவது, அது என்ன செய்கிறது. கரண்டிவாயன் அலகைத் தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். நத்தைகுத்தி நாரை நின்ற இடத்தில் அலகைச் செருகிக் கிளறும். பூநாரை தலையைத் தலைகீழாக்கி மேயும். கடைசியாக, பறக்கும்போது இறக்கையிலும் வாலிலும் தெரிகிற வெள்ளை. பறக்கும்வரை காத்திருங்கள், விரட்டிப் பார்க்காதீர்கள்.

கைபேசியில் படம் எடுக்க, பைனாகுலரை ஒரு கிளையிலோ முழங்காலிலோ ஊன்றி, கைபேசியின் முதன்மைக் கேமராவை ஒரு குழலில் கண் வைக்கும் இடத்தின் மையத்தில் ஒட்டிப் பிடியுங்கள். திரையில் வெள்ளை வட்டம் வந்ததும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் விளிம்புக் கறுப்பு போய்விடும். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அலகும் காலும் தெரிந்தால் போதும். படம் அறவே முடியாவிட்டால் பென்சிலில் ஒரு முட்டை வடிவம் வரைந்து, அலகு, கால், நிறத் திட்டு எங்கே என்று குறியுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மெர்லினைத் திறக்கலாம். இடம், தேதி, அளவு, நிறம், என்ன செய்தது என்று அது கேட்பவற்றுக்கு உங்கள் நோட்டிலேயே பதில் இருக்கும். அது தரும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல், பட்டியலில் உள்ள மூன்று நான்கையும் உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

10. அடிக்கடி ஏமாற்றுகிறவை

"பூநாரை வந்திருக்கு" என்று ஊரே சொல்லும் பல இடங்களில் நிற்பது சங்குவளை நாரை. அதன் பின்பக்கத்தில் அழகான இளஞ்சிவப்பு இறகுகள் இருப்பதால் இந்தக் குழப்பம். சங்குவளை நாரைக்கு நீண்ட மஞ்சள் அலகு, நுனியில் லேசாகக் கீழே வளைந்திருக்கும். பூநாரையின் அலகு குட்டை, நடுவில் முறித்து வைத்ததுபோல் மடங்கியிருக்கும்.

"செங்கால் நாரை" என்று பதிவாகிறவற்றில் பல, நத்தைகுத்தி நாரைகள். இரண்டும் வெள்ளை உடல், கறுப்பு இறக்கை. அலகைப் பாருங்கள். செங்கால் நாரைக்கு நேரான, சிவந்த அலகு. நத்தைகுத்திக்கு மங்கலான சாம்பல் நிற அலகு, மூடியபோதும் நடுவில் இடைவெளி தெரியும். இளம் நத்தைகுத்திக்கு அந்த இடைவெளி இருக்காது, அதனால் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். கரையில் காலி நத்தை ஓடுகள் கிடந்தால் பக்கத்தில் நத்தைகுத்தி மேய்கிறது என்று நினைக்கலாம்.

புள்ளி போட்ட, பழுப்பான, குண்டுக் கொக்கு ஒன்றைக் கண்டு புதுப் பறவை என்று நினைத்தால், அது வக்கா என்ற இராக்கொக்கின் இளம் பறவையாக இருக்கும். இதோடு குழம்பக்கூடிய இன்னொரு கொக்கான மடையானுக்கு உடலில் கோடுகள் உண்டு, இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் கிடையாது. பறந்தால் மடையானின் இறக்கை வெள்ளையாகப் பளிச்சிடும், வக்காவுக்கு அப்படி இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகவும் உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சாகவும் மாறும். அவையும் புதுப் பறவைகள் இல்லை.

நீளவால் இலைக்கோழியைத் தேடி வருகிறவர்கள் குளிர்காலத்தில் ஏமாந்து போவார்கள். அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான். டிசம்பரில் அது நீண்ட வால் இல்லாத, பழுப்பான, மார்பில் கறுப்புக் கோடு போட்ட சின்னப் பறவை. எழும்பினால் வெள்ளை இறக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

வாத்துகளில் குழப்பம் அதிகம். வலசை வந்த புதிதில் ஆண் வாத்துகளும் பெண்போலவே பழுப்பாக இருக்கும். நீலச்சிறகியின் ஆண், கண்ணுக்குமேல் பளிச்சென்ற வெள்ளைப் பட்டையைப் பெற ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும். அதுவரை நிறத்தைவிட உருவத்தை நம்புங்கள். ஊசிவால் வாத்துக்கு ஒல்லிக் கழுத்து, கூர்வால். தட்டைவாயனுக்கு நுனி அகன்ற அலகு. புள்ளிமூக்கு வாத்துக்குக் கறுப்பு அலகின் நுனியில் மஞ்சள். வரித்தலை வாத்துக்கு வெள்ளைத் தலையின் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை. கூந்தன்குளத்தில் ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் பறவை அது. உங்கள் ஊர்க் குளத்தில் ஒன்று இறங்கினால் அது பெரிய செய்திதான்.

ஐந்நூறு வாத்து ஒரே கூட்டமாக, வெள்ளையும் கறுப்பும் பழுப்புமாகக் கலந்து, எழும்பாமல் நீந்தினால் கரையில் கூடாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அறுவடை வயல்களைத் தொடர்ந்து ஊர் ஊராக மேய்த்து வருகிறவர்களின் வளர்ப்பு வாத்துகள் அவை.

பாம்புத்தாராவும் நீர்க்காகமும் இறக்கையை விரித்துக் காய வைக்கும். நீந்தும்போது பாம்புத்தாராவின் உடல் தண்ணீருக்குள் மூழ்கி, கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே தெரியும். அலகு ஈட்டிபோல் நேர். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும்.

உண்மையிலேயே அரிதாகக் கண்ணில் படுவது மயில் உள்ளான். இருட்டும் நேரத்தில் கோரை ஓரச் சேற்றில் வரும். இதில் பெண்தான் வண்ணமயம்: செம்பழுப்புக் கழுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளைத் திட்டு. மங்கலாக இருக்கிற ஆண்தான் முட்டைகளை அடைகாக்கும்.

11. பறவைக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு

கூடு கட்டிய மரங்களுக்கு அடியில் போகவே கூடாது. தாய்ப்பறவைகள் எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும், காகம் உடனே வரும். கல் எறிவது, கைதட்டுவது, பறவைக் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடுவது, டிரோன் விடுவது, பொரியும் பிஸ்கட்டும் போடுவது எதுவும் வேண்டாம்.

தண்ணீருக்குள் யாரும் இறங்க வேண்டாம், கணுக்கால் அளவாகத் தெரிந்தாலும். வண்டல் மண் எடுத்த ஏரியில் சேற்றுக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும், மேலே தண்ணீர் சமமாகத்தான் தெரியும். மதகின் அருகே நீர் உள்ளிழுக்கும், உபரிநீர் வழியும் கலிங்கின் பாசி வழுக்கும். ஒரு பெரியவர் பறவையே பார்க்காமல் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் நேராக வண்டிக்குப் போங்கள். புல்லில் கால் வைக்குமுன் தடியால் தட்டுங்கள்.

வலையில் சிக்கிய பறவையைப் பார்த்தால் குனிந்து பிடிக்க வேண்டாம். நாரையும் கொக்கும் கண்ணைப் பார்த்துத்தான் குத்தும். குத்தகைக்காரரையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். செத்துக் கிடக்கும் பறவையைத் தொடக் கூடாது. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்திருந்தால் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

12. அன்றைக்கே பதிவு செய்வது

நினைவு ஒரு நாளுக்குமேல் நம்பத்தக்கதல்ல. அன்று மாலைக்குள் நோட்டிலிருந்து இபேர்டில் ஏற்றுங்கள். தொடங்கிய நேரம், மொத்த நிமிடம், நடந்த தூரம், ஒவ்வொரு வகையின் எண்ணிக்கை ஆகிய நான்கும் அவசியம். "கண்டறிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா?" என்ற கேள்விக்கு "ஆம்" சொல்லும்படி காகத்தையும் மைனாவையும்கூடச் சேருங்கள். முழுப் பட்டியலாக இருந்தால்தான் ஒரு பறவை அங்கே இல்லை என்பதும் தகவலாகும்.

அடையாளம் உறுதியாகாத வாத்தை "வாத்து வகை" என்றே எழுதுங்கள். ஊகத்தில் எழுதிய அரிய பெயரைவிட அது பயனுள்ளது. அரிய பறவை என்றால் செயலியே விவரம் கேட்கும். 9-ஆம் படியில் எழுதிய அளவு, அலகு, கால், தலை, செயல் என்ற குறிப்பை அங்கே அப்படியே எழுதி, படத்தையும் சேருங்கள். பிறகு இபேர்டில் பதிவுகளைச் சரிபார்ப்பவர் சந்தேகம் கேட்டால் வருத்தப்பட வேண்டாம், பதில் சொல்லுங்கள். கூடு இருக்கும் சரியான இடத்தைப் பொதுவில் பகிராதீர்கள், கூட்டம் கூடிவிடும்.

பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் குளத்தையும் சேர்த்துவிடலாம். 15 நிமிடமாவது ஒரே இடத்தில் நின்று எண்ணிப் பட்டியல் ஏற்றினால் போதும்.

நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் ஏரியின் வழக்கமான பறவைகளையும் அவற்றின் சாதாரண எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். நாலைந்து முறை போன பிறகு அந்தப் பட்டியல் நிலைத்துவிடும். அடுத்த தடவை வண்டியில் போகும்போதே பிள்ளைகளை அதை வாசிக்கச் சொல்லுங்கள். அதே கரை, அதே பனைமரம், அதே ஆறே கால் மணி.